ஜெனிவாவில் மாநாடு: வேலைக்கு நடுவே ஏரிக்கரை நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

அலுவலக வேலையாக ஜெனிவா போய் வந்த பலரிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டல் வாடகையைப் பற்றியும் மாநாட்டு அரங்கத்துக் காபியைப் பற்றியும் பேசுவார்கள். மேற்கு ஐரோப்பாவின் பெரிய ஏரிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் நான்கு நாள் இருந்துவிட்டு, அதில் கைகூட நனைக்காமல் திரும்பியிருப்பார்கள். கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார்கள்.

நேரம் கிடைக்கும், ஆனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். காலையில் ஒரு மணி நேரம், மதியம் முக்கால் மணி, சாயங்காலம் இரண்டு மூன்று மணி, அதிர்ஷ்டம் இருந்தால் கடைசியில் ஒரு அரை நாள். ஜெனிவா சின்ன ஊர். நகராட்சி எல்லைக்குள் சுமார் இரண்டு லட்சம் பேர்தான். டிராமும் படகும் நேரத்துக்கு வரும். அதனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். கையில் இருக்கும் துண்டு எவ்வளவு பெரியது என்று பார்த்து, அதற்குள் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன்

முதலில் தங்குமிடம். மாநாடு பலெக்ஸ்போ அரங்கில் என்றால் பயண ஏஜெண்ட் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலைத்தான் போடுவார். பலெக்ஸ்போ விமான நிலையத்திலிருந்து நடக்கிற தூரம் என்பதால் அது சரியாகத்தான் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவே இருக்கும் கோர்னவான் நிலையத்துக்கு ரயிலில் 7 நிமிடம்தான். கோர்னவான் பக்கத்திலோ, அதற்கும் ஏரிக்கும் இடையில் உள்ள பாக்கி என்ற பேட்டையிலோ தங்குங்கள். காலையில் எழுந்து ஐந்து பத்து நிமிடம் நடந்தால் ஏரிக்கரை. கூட்டம் ஐ.நா. பகுதியில் என்றாலும் கோர்னவானிலிருந்து 15ஆம் எண் டிராம் நேராக நாசியோன் சதுக்கத்துக்குப் போகிறது.

பாக்கி பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பல நாட்டுக்காரர்கள் நெருக்கமாக வாழும் பேட்டை அது. சாப்பாட்டுக்கு நல்ல இடம். அதன் சில தெருக்களில் பாலியல் தொழில் சட்டப்படியே நடக்கிறது, இரவில் போதைப்பொருள் விற்பவர்களும் நிற்பார்கள். யாரும் உங்கள் வழிக்கு வர மாட்டார்கள், ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் ஏரியை ஒட்டிய தெருவாகப் பார்த்து அறை எடுத்தால் நல்லது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் மடிக்கணினிப் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். பணக்கார ஊர் என்பதாலேயே கைவரிசைக்காரர்களும் வருகிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். அன்மாஸ், ஃபெர்னே போன்ற ஊர்களில் அறை மலிவு. ஆனால் அங்கே தங்கினால் ஜெனிவாவின் இலவசப் போக்குவரத்து அட்டை கிடைக்காது. இந்த அட்டை முக்கியமானது. ஜெனிவா மாநிலத்தில் ஓட்டலிலோ விடுதியிலோ தங்கும் எல்லோருக்கும் தங்கும் நாள் முழுக்க டிராம், பேருந்து, உள்ளூர் ரயில், ஏரியைக் கடக்கும் சின்னப் படகு என எல்லாமே இலவசம். நீங்கள் வாடகையோடு கட்டும் சுற்றுலா வரியிலிருந்துதான் அது வருகிறது. ஆகவே கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். வந்து இறங்கும் நாளிலேயே பயன்படும்படி, அட்டையை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று ஓட்டலுக்கு எழுதுங்கள். டிராமில் கதவருகே யாரும் டிக்கெட் பார்ப்பதில்லை. பரிசோதகர்கள் திடீரென்று ஏறுவார்கள், அபராதம் கனமானது.

அடுத்து பிளக். ஸ்விஸ் சுவர்த் துளை மூன்று குழி கொண்ட தனி வகை. ஐரோப்பாவின் மெல்லிய இரண்டு முள் பிளக் அதில் நுழையும். ஜெர்மனியில் வாங்கிய தடித்த உருண்டை பிளக்கும் நம் ஊர் மூன்று முள் பிளக்கும் நுழையாது. விமான நிலையத்தில் அடாப்டர் யானை விலை. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

சிம் கார்டு வாங்கும்போது ஒரு வரியைக் கவனமாகப் படியுங்கள். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 'ஐரோப்பா முழுவதும்' என்று போட்டிருக்கும் திட்டங்கள் சிலவற்றில் ஸ்விஸ் சேராது. எல்லை பக்கத்திலேயே இருப்பதால் போன் அவ்வப்போது பிரெஞ்சு நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாட்டையும் சேர்த்த திட்டமாக இருந்தால் தலைவலி இல்லை. விசா விஷயத்தில் ஸ்விட்சர்லாந்து ஷெங்கன் பகுதிக்குள் வருகிறது, பிரான்ஸும் அப்படியே. ஒரு சாயங்காலம் எல்லை தாண்டிப் போய் வருவதற்கு ஒற்றை நுழைவு விசாவே போதும். பாஸ்போர்ட் மட்டும் பையில் இருக்கட்டும்.

திசை பிடிப்பது

காவிரிக் கோயில்களை வடகரைத் தலம், தென்கரைத் தலம் என்று நாம் பிரிக்கிற மாதிரி, ஜெனிவாக்காரர்கள் ஊரை வலது கரை, இடது கரை என்று பிரிக்கிறார்கள். லெமான் ஏரியின் தென்மேற்கு முனையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அந்த முனையிலிருந்து ரோன் ஆறு வெளியேறி பிரான்ஸைப் பார்த்து ஓடுகிறது. ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் வலது கரை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், புதிதாக வருபவர் யாரும் ஆற்றைப் பார்த்து நிற்பதில்லை, ஏரியைப் பார்த்துத்தான் நிற்பார். அப்போது வலது கரை அவருடைய இடது கையில் இருக்கும்.

ரயில் நிலையம், பாக்கி, ஐ.நா., விமான நிலையம் எல்லாம் வலது கரை. பழைய நகரம், கடைத்தெரு, ஏரியில் உயர எழும்பும் அந்தப் பிரபலமான நீரூற்று, ஓவீவ் பகுதி எல்லாம் இடது கரை. இரண்டையும் இணைக்கும் முதல் பாலம் மோன்பிளான் பாலம். சந்துகளில் தொலைந்துபோனால் மலையைத் தேடுங்கள். வலது கரைக்குப் பின்னால் நீளமாகப் படுத்திருப்பது ஜூரா. இடது கரைக்குப் பின்னால் செங்குத்தாகப் பாறை தெரிவது சலேவ். இந்த இரண்டும் தெரிந்தால் வரைபடத்தைத் திறக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

இறங்கிய அன்று

நம் ஊரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் வளைகுடா வழியாகக் காலையிலோ மதியத்திலோ வந்து இறங்குவார்கள். அறை சாயங்காலம்தான் கிடைக்கும் என்று வரவேற்பில் சொல்லலாம். நல்லதாகப் போயிற்று. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். படுத்தால் தூக்கம் கெட்டு, மறுநாள் தொடக்க உரையில் தலை ஆடும்.

நடக்க வேண்டிய வழி இது. பாக்கியிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கினால் வில்சன் கரைச்சாலை. அங்கே நிற்கும் பெரிய கட்டடம் வில்சன் மாளிகை. ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகள் சங்கத்தின் முதல் தலைமையகம் அதுதான், பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் அங்கே வந்தது. ஏரியை இடது கையில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடங்கள். தண்ணீருக்குள் நீளும் மேடையும் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கமும் தெரியும். அதுதான் பாக்கி குளியல்துறை. அதைப் பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் போனால் கோயில் கோபுரத்தைச் சுருக்கி வைத்த மாதிரி ஒரு நினைவுச்சின்னம். பிரன்ஸ்விக் கோமகன் 1873இல் இறந்தபோது தன் சொத்து முழுவதையும் ஜெனிவா நகரத்துக்கே எழுதி வைத்தார். ஒரே நிபந்தனை, தனக்கு ஒரு பிரமாதமான கல்லறை கட்ட வேண்டும். ஊர் கட்டிக் கொடுத்துவிட்டது. மீதிப் பணத்தில் வந்தவற்றில் ஒன்று நகரத்தின் ஓபரா அரங்கம். இதே கரைச்சாலையில்தான் 1898 செப்டம்பர் 10 அன்று ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை, படகு ஏறப் போன வேளையில், ஒரு இத்தாலிய அராஜகவாதி அரத்தால் குத்திக் கொன்றான். அவருக்கு இங்கே ஒரு சிலை இருக்கிறது.

பாலத்தைக் கடந்து இடது கரைக்குப் போனால் ஆங்கிலத் தோட்டம். எல்லோரும் படம் எடுக்கும் பூக்கடிகாரம் இங்கேதான். ஒரு நிமிடம் பார்த்தால் போதும், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நகராமல் நிற்கும். அதைவிட எனக்குப் பிடித்தது ஏரிக்குள் தலை நீட்டும் இரண்டு பாறைகள். நித்தோன் கற்கள் என்று பெயர். பனியாறு எப்போதோ உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. ஸ்விட்சர்லாந்தில் எந்த மலையின் உயரத்தை அளந்தாலும் கணக்கு இதில் ஒன்றின் மேல் பதித்த குறியிலிருந்துதான் தொடங்குகிறது. கடலே இல்லாத நாடு, கடல்மட்டத்துக்கு மேல் 373.6 மீட்டர் என்று இந்தக் கல்லுக்கு ஒரு எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது.

திரும்பி வர நடக்க வேண்டாம். மொலார் துறையிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு சின்னப் படகு பாக்கிக்குப் போகிறது. முவெத் என்பார்கள், கடற்காகம் என்று பொருள். சில நிமிடப் பயணம்தான், உங்கள் அட்டையே போதும். முழுச் சுற்றும் சாவகாசமாக ஒன்றரை மணி நேரம். முதல் நாளுக்கு இது போதும்.

காலைத் துண்டு

மாநாடு ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஏழு மணிக்கு வெளியே வந்தால் ஊர் உங்களுடையது. இரண்டு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று, பாக்கி குளியல்துறை. இப்போது இருக்கும் கான்கிரீட் கட்டடம் 1932இல் எழுந்தது. எண்பதுகளில் நகராட்சி அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தது. ஊர் மக்கள் எதிர்த்துப் பொது வாக்கெடுப்பு வரை கொண்டு போய் 1988இல் காப்பாற்றினார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு எதிரே, ஊரிலேயே விலை உயர்ந்த கரையில், வங்கி அதிகாரியும் தெரு துப்புரவாளரும் ஒரே பலகையில் துண்டு விரித்துப் படுக்கும் இடம் இன்னும் இருப்பதற்கு அந்த வாக்குதான் காரணம். கோடையில் சில்லறைக் காசுக்கு நுழைவு. குளிர்காலத்தில் சுடுகாற்று அறையில் வியர்த்துவிட்டு ஏரியில் குதிப்பார்கள். செவ்வாய்க்கிழமை அந்த அறைகள் பெண்களுக்கு மட்டும். குளிக்க விருப்பமில்லை என்றாலும் அங்குள்ள சின்ன உணவுக்கடையில் காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். ஓட்டல் காலைச் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்றால் இங்கே வந்துவிடுங்கள்.

குளிக்கிறவர்களுக்கு: ஏரி 300 மீட்டருக்கு மேல் ஆழம். பலமாகக் காற்று அடித்தால் மேல்மட்டத்து இதமான நீர் ஒதுங்கி அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்தது என்று இன்று அப்படியே குதிக்காதீர்கள், காலை நனைத்துப் பாருங்கள். கோடையில் கரையோரத் தண்ணீரில் வாத்துப்பூச்சி என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் நுண்புழு இருக்கும். ஆபத்தில்லை, அரிப்புதான். ஏறியதும் ஷவரில் நின்று துடைத்துக்கொண்டால் சரி.

இரண்டாவது வழி, எதிர்த்திசையில் நடை. ஏரியை வலது கையில் வைத்துக்கொண்டு வடக்கே போனால் தொடர்ச்சியாகப் பூங்காக்கள். பேர்ல் து லாக் பூங்கா, உலக வர்த்தக அமைப்பின் கட்டடம், அதைத் தாண்டித் தாவரவியல் தோட்டம். தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வானம் தெளிவாக இருந்தால் தண்ணீருக்கு அப்பால் மோன்பிளான் சிகரம் வெள்ளையாகத் தெரியும். அது ஸ்விஸ் மலை இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். காலையில் சூரியன் அதற்குப் பின்னால் இருப்பதால் நிழலுருவம்தான் கிடைக்கும். புகைப்படம் வேண்டும் என்றால் இதே இடத்துக்கு மாலையில் வாருங்கள். ஐ.நா. பகுதியில் கூட்டம் இருப்பவர்கள் இந்த நடையையே அலுவலகம் போகும் வழியாக வைத்துக்கொள்ளலாம். தோட்டத்திலிருந்து நாசியோன் சதுக்கம் பக்கம்தான்.

மதியத் துண்டு

பலெக்ஸ்போவில் இருப்பவர்களுக்கு மதியம் போக்கிடம் கிடையாது. சுற்றிலும் நெடுஞ்சாலையும் ஓடுதளமும்தான். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள், மாலைக்குக் கால் வலு வேண்டும்.

நாசியோன் பகுதியில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். சதுக்கத்தில் ஒரு கால் உடைந்த மாபெரும் மர நாற்காலி நிற்கிறது. 12 மீட்டர் உயரம். கண்ணிவெடிகளுக்குத் தடை கேட்டு 1997இல் வைத்தார்கள். சிற்பி தானியேல் பெர்செ. அதன் எதிரே கொடி வரிசை, அதற்குப் பின்னால் ஐ.நா. மாளிகை. உள்ளே வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். மதிய இடைவேளையில் நடக்கிற காரியமில்லை. மாளிகைப் பூங்காவில் மயில்கள் சுற்றுவதை வேலியருகே நின்றே சில நாள் பார்க்கலாம்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சதுக்கம் வெறும் சுற்றுலாத் தலம் அல்ல. மனித உரிமைப் பேரவை கூடும் மாதங்களில், முக்கியமாக மார்ச்சிலும் செப்டம்பரிலும், புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து வந்து இந்த நாற்காலியடியில் கூடுவார்கள். 2009 பிப்ரவரியில், வன்னிப் போரின் கடைசி மாதங்களில், லண்டனிலிருந்து வந்த முருகதாசன் என்ற இளைஞர் ஐ.நா. வாசலுக்கு முன் தீக்குளித்து இறந்தார். பேரவை கூடும் நாட்களில் போனால் தமிழ்க் குரல்கள் காதில் விழும்.

முக்கால் மணி நேரத்தில் முடிவது பக்கத்திலிருக்கும் அரியானா அருங்காட்சியகம். பீங்கானும் கண்ணாடியும் மட்டுமே வைத்திருக்கிறார்கள், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. எதிர்ப்புறம் செஞ்சிலுவை அருங்காட்சியகம். 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த ஜெனிவா வியாபாரி ஹென்றி துனான் தொடங்கி வைத்த கதை அங்கே இருக்கிறது. அதை மதியத்தில் திணிக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது கேட்கும். இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை.

சாயங்காலத் துண்டு

முதலில் பருவத்தைப் பாருங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். மாநாடு ஆறு மணிக்கு முடிந்தால் இன்னொரு பகலே மிச்சம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். எந்தப் பருவமானாலும் கடைகள் ஏழு மணி வாக்கில் மூடிவிடும், அருங்காட்சியகங்கள் அதற்கும் முன்பே. ஆகவே மாலை என்பது தெருக்களுக்கான நேரம்.

ஒரு மாலையைப் பழைய நகரத்துக்கு ஒதுக்குங்கள். மொலார் சதுக்கத்திலிருந்து மேட்டில் ஏறினால் பூர் து ஃபூர் சதுக்கம். அங்கே ஒரு காபி. அப்படியே செயின்ட் பியேர் பேராலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கத்தோலிக்கப் பேராலயம், பிறகு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வின் பிரசங்கம் செய்த சீர்திருத்தச் சபையாக மாறியது. உள்ளே அலங்காரம் ஏன் ஒன்றுமே இல்லை என்று யோசிப்பவர்களுக்கு அதுதான் விடை, எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். அவர் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் மர நாற்காலி மட்டும் இருக்கிறது. கோபுரம் ஏற 157 படி. மேலிருந்து ஏரியின் வளைவு முழுசாகத் தெரியும். கூட்டம் சீக்கிரம் முடிகிற நாளில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கிராந்த் ரூ தெரு. 40ஆம் எண் வீட்டில் 1712இல் தத்துவஞானி ரூசோ பிறந்தார். தெரு முடிவில் த்ரேய் மேடை. நூறு மீட்டருக்கு மேல் ஒரே நீளமாக ஓடும் மரப் பெஞ்சு அங்கே இருக்கிறது. பெஞ்சைவிடச் சுவாரசியம் அருகில் நிற்கும் செஸ்ட்நட் மரம். வசந்தம் வந்துவிட்டதா என்பதை ஜெனிவாவில் நாள்காட்டி முடிவு செய்வதில்லை. இந்த 'அரசு மரத்தில்' முதல் இலை விரிந்ததும் மாநிலச் சட்டமன்றத்தின் செயலர் ஒரு பதிவேட்டில் தேதி குறிக்கிறார், அன்றுதான் அறிவிப்பு. 1818 முதல் இந்தக் கணக்கு இருக்கிறது. மரம் செத்தால் வேறு மரத்தை நியமிப்பார்கள். சில வருடம் முந்தின ஆண்டின் கடைசியிலேயே இலை விட்டுப் பதிவேட்டைக் குழப்பியிருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கினால் பஸ்தியோன் பூங்கா. மதிலை ஒட்டி நூறு மீட்டர் நீளத்துக்குச் சீர்திருத்தச் சுவர், நடுவில் ஃபரெல், கால்வின், பேஸ், நாக்ஸ் என்ற சீர்திருத்தத் தலைவர்கள் நான்கு பேரும் ஐந்து மீட்டர் உயரத்தில் ஒருவர்கூடச் சிரிக்காமல் நிற்கிறார்கள். பூங்கா வாசலில் இடுப்பளவு காய்களை வைத்துச் சதுரங்கம் ஆடுவார்கள். சும்மா நின்று பார்த்தால் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், போய் ஆடுங்கள்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் இருந்தால் எஸ்கலாத் விழா. 1602 டிசம்பரில் சவோய் படை இரவோடு இரவாக ஏணி வைத்து மதில் ஏறியபோது, மேர் ருவயோம் என்ற குடும்பத் தலைவி கொதிக்கும் காய்கறி சூப்பை அண்டாவோடு படைவீரன் தலையில் கவிழ்த்தாராம். அதன் நினைவாகக் கடைகளில் சாக்லேட்டில் செய்த அண்டா விற்பார்கள், உள்ளே காய்கறி வடிவ இனிப்புகள். வீட்டில் மிகச் சின்னவரும் மிகப் பெரியவரும் சேர்ந்து அதை உடைக்க வேண்டும். அலுவலகத்துக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் இல்லை. பெட்டியில் வைத்தால் தானாகவே உடைந்துவிடும் என்பதுதான் ஒரே சிக்கல்.

இன்னொரு மாலை நீரூற்றுக்கு. 140 மீட்டர் உயரம், நொடிக்கு 500 லிட்டர். இது அழகுக்காகத் தொடங்கிய விஷயமல்ல. 1886இல் ரோன் ஆற்று நீரழுத்த நிலையம் ஊர்ப் பட்டறைகளுக்குக் குழாயில் அழுத்த நீர் அனுப்பிக்கொண்டிருந்தது. மாலையில் பட்டறைகள் இயந்திரத்தை நிறுத்தியதும் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற ஒரு திறப்பு வைத்தார்கள், தண்ணீர் பீறிட்டது, மக்களுக்குப் பிடித்துப்போனது. 1891இல் ஏரிக்கு நகர்த்தினார்கள். இப்போதைய உயரத்தைக் கொடுக்கும் பம்புகள் 1951இல் வந்தன. பழைய நிலையக் கட்டடம் இப்போது அரங்கமாக ஆற்றின் நடுவே நிற்கிறது. ஓவீவ் கரையிலிருந்து நீளும் கல்மேடையில் ஊற்றின் அடி வரைக்கும் நடக்கலாம். காற்று திரும்பினால் தொப்பலாக நனைவீர்கள், மடிக்கணினியோடு போக வேண்டாம். காற்று பலமானாலும் உறைகுளிர் வந்தாலும் நிறுத்திவிடுவார்கள்.

அரை நாள் கிடைத்தால்

எல்லாவற்றையும் போட்டுத் திணிக்காமல் ஒன்றை எடுங்கள்.

மழை பெய்தால் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம். கோர்னவானிலிருந்து 18ஆம் எண் டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். 27 கிலோமீட்டர் சுற்றளவுத் துகள் மோதுகளமும் உலகளாவிய வலை (WWW) என்ற யோசனை 1989இல் பிறந்த இடமும் அதுதான். 2023இல் திறந்த அறிவியல் வாயில் கட்டடத்துக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. நம்மவர் எல்லோரும் தேடுவது 2004இல் இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் நடராஜரை. அது பொதுமக்கள் பகுதியில் இல்லை, வளாகத்துக்கு உள்ளே நிற்கிறது. அங்கே வேலை செய்யும் நண்பர் யாராவது இருந்தால் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால் சலேவ். 8ஆம் எண் பேருந்தில் வெரியே எல்லை வரை போய், நடந்து பிரான்சுக்குள் நுழைந்தால் கம்பிவடக் கார் நிலையம். 1,100 மீட்டர் உயரத்தில் கொண்டு போய் விடும். ஊரும் ஏரியும் ஜூராவும் ஒரு பக்கம், மோன்பிளான் மறுபக்கம். பருவத்துக்கு ஏற்ப நேரமும் விடுமுறையும் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடை என்றால் பழைய துடுப்புச்சக்கர நீராவிப் படகு. நியோன், பிரான்ஸ் கரையில் உள்ள கோட்டைக் கிராமம் இவுவார் வரை போய் வரலாம். இதற்கு ஓட்டல் அட்டை செல்லாது, தனி டிக்கெட்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் என் தேர்வு ஜோன்க்சியோன். ரோனும் ஆர்வும் கலக்குமிடம். ஆர்வ் மோன்பிளான் பனியாறுகளிலிருந்து மாவு போன்ற வண்டலை அடித்துக்கொண்டு வரும். ரோனும் மலையிலிருந்து அப்படித்தான் கிளம்புகிறது, ஆனால் லெமான் ஏரியின் மறுமுனையில் நுழைந்து வண்டலை எல்லாம் அதன் அடியில் இறக்கிவிட்டுத் தெளிந்து வெளியே வருகிறது. அதனால் ஒரே படுகையில் நீலப்பச்சையும் சாம்பலும் கொஞ்ச தூரம் சேராமலே ஓடும். மேலே போகும் ரயில் பாலத்தின் நடைபாதையிலிருந்து பாருங்கள். கோடையில் இளைஞர்கள் ரோனில் மிதந்து வருவதைப் பார்த்து ஆசை வரும். நீச்சலில் தேர்ந்தவர் அல்ல என்றால் இறங்கவே வேண்டாம், ஆர்வின் குளிரும் சுழலும் கேலிக்குரியவை அல்ல.

சாப்பாடும் செலவும்

உணவகத்தில் உட்கார்ந்தால் மதிய 'அன்றைய தட்டு' கூட 20 பிராங்கைத் தாண்டும். தினமும் அப்படிச் சாப்பிட்டால் தினப்படி தாங்காது. மிக்ரோ, கோப் பல்பொருள் அங்காடிகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, சாலட் வாங்கி ஏரிக்கரைப் பெஞ்சில் சாப்பிடுவது இங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. கோட்டு சூட்டுப் போட்டவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரும் தெருவூற்றுத் தண்ணீரும் குடிக்கலாம். ஊற்றில் 'குடிநீர் அல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். டிப்ஸ் விலையிலேயே அடங்கியிருக்கிறது.

சைவர்கள் 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று சொல்லிவிடுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரியும். வெறும் வெஜிடேரியன் என்றால் சிலர் மீனைக் கொண்டு வருவார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றித் துண்டு இருக்கலாம். ஃபோந்த்யூவில் ஒயின் உண்டு. பாக்கி குளியல்துறையின் குளிர்கால ஃபோந்த்யூ பெயர் பெற்றது, அதிலும் நுரைக்கும் ஒயின்தான் ஊற்றுகிறார்கள். ஏரி மீன் என்று பேர்ச் வறுவல் எல்லா இடத்திலும் கிடைக்கும். பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. பட்டியலில் எந்த நாடு என்று போட்டிருந்தால் பாருங்கள். நாலாவது நாள் நாக்கு சோறு கேட்கும்போது பாக்கி தெருக்களில் இந்திய, இலங்கைச் சாப்பாடு தேடலாம்.

எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் போன்ஜூர். அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதில் வரும், முகம் மட்டும் இறுகியிருக்கும்.

துணிமணி: கோடையிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட். குளிர்காலத்தில் பீஸ் என்ற வடகிழக்குக் காற்று ஏரி நீளத்துக்கும் ஓடி வந்து நேராக ஊருக்குள் நுழையும். வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாதீர்கள், காதை மூடும் தொப்பி எடுத்துப் போங்கள்.

கிளம்பும் நாள்

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள் என்றால் சனிக்கிழமை மாலைக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். ஞாயிறு ஊரே மூடிக்கிடக்கும். மறந்துவிட்டால் கோர்னவானிலும் விமான நிலையத்திலும் உள்ள அங்காடிகள் திறந்திருக்கும். சாக்லேட்டை பாதுகாப்புச் சோதனைக்குப் பிந்தைய பளபளப்பான கடையில் வாங்குவதைவிட இந்த அங்காடிகளில் வாங்குவது மலிவு, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதும் அதுதான். அறையைக் காலையில் காலி செய்துவிட்டு இரவு விமானம் என்றால் பெட்டியை ஓட்டலிலோ கோர்னவான் நிலையப் பெட்டகத்திலோ வைத்துவிட்டு ஒரு கடைசித் துண்டு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். சிவப்புக் கைப்பிடி மடக்குக் கத்தி வாங்கியிருந்தால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.